ஹிப்னோதெரபி போகலாமா, சேஃபா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பார்த்துக்கோங்க

எனக்கு ஐபிஎஸ் (IBS) இருக்கு, அதாவது டெஸ்ட்ல எதுவும் தெரியாது, ஆனா வயித்து வலியும் பாத்ரூம் தொல்லையும் திரும்பத் திரும்ப வர்ற குடல் கோளாறு. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்குற ஸ்கோப் பண்ணாச்சு, ரத்தம் மலம் எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்னு வந்துச்சு, ஆனா காலைல ஆஃபீஸ் கிளம்பி செருப்பு மாட்டுற நேரத்துல வயித்தைப் பிசையும், திரும்ப பாத்ரூம், பஸ்ஸைப் பிடிக்க முடியாது. மாத்திரை, டயட்னு வருஷக்கணக்கா ஓடினப்புறம் என்னோட கேஸ்ட்ரோ (வயிறு, குடல்) டாக்டர் குடலுக்கான ஹிப்னோதெரபின்னு ஒண்ணு இருக்கு, கண்ணை மூடி ஆழ்ந்த கவனத்துல இருக்கும்போது பேச்சாலேயே குடலை அமைதிப்படுத்துற சிகிச்சை, ட்ரை பண்ணிப் பாருங்கம்மான்னு சொன்னாரு. சொல்லிட்டாரு, ஆனா எங்க போகணும், யாரை நம்பணும், எவ்வளவு ஆகும், எதுவும் தெரியல. தேடினா விளம்பரம்தான் வருது, ஒரு இடத்துல முற்பிறவின்றாங்க, இன்னொரு இடத்துல ஒரே சிட்டிங்ல குணம்ன்றாங்க. கடைசில சரியான ஆளைக் கண்டுபிடிச்சு முழுசா முடிச்சு இப்போ எவ்வளவோ பரவால்ல. இதுல நான் அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா எழுதுறேன், சென்னையை வச்சு எழுதினாலும் தமிழ்நாட்டுல எங்க இருந்தாலும் பொருந்தும்.

முக்கியமானதை முதல்லயே சொல்லிடறேன். கண்ணை மூடி படுத்து ஒருத்தர் பேசுறதைக் கேக்குறதுல பெருசா ஆபத்து கிடையாது. ஆபத்தெல்லாம் நோய் என்னன்னே பார்க்காம போறதுலயும், பதிவே இல்லாத ஆள்கிட்ட போறதுலயும்தான் இருக்கு.

1. எதுக்காகப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

எல்லா பிரச்சனைக்கும் இது வேலை செய்யாது. ஐபிஎஸ்ஸுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. பிரிட்டன்ல சிகிச்சை வழிகாட்டுதல் கொடுக்குற நைஸ் அமைப்பு, 12 மாசம் மருந்து சாப்பிட்டும் கேக்கலன்னா ஹிப்னோதெரபி மாதிரி மனசு சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு அனுப்பறதைப் பத்தி யோசிக்கலாம்னு சொல்லுது. அமெரிக்க கேஸ்ட்ரோ டாக்டர்கள் சங்கமும் 2021 வழிகாட்டுதல்ல இந்த மாதிரி சிகிச்சையைச் சேர்த்திருக்கு. ஆனா எல்லாருக்கும் கேக்கும்னு நினைச்சுக்காதீங்க. நெதர்லாந்துல நடந்து 2019ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல, தனியா ஹிப்னோதெரபி எடுத்தவங்கள்ல சுமார் 40 சதவீதம் பேர்தான் 3 மாசத்துல போதுமான அளவு சரியாச்சுன்னு சொன்னாங்க, வெறும் விளக்க வகுப்பு மட்டும் எடுத்தவங்கள்ல அது சுமார் 17 சதவீதம். அதாவது உண்மையிலயே பலன் இருக்கு, ஆனா பாதிப் பேருக்கு மேல கேக்காமலும் போகலாம். இந்த எதிர்பார்ப்போட போங்க.

மெனோபாஸ் சமயத்துல திடீர்னு உடம்பு தகிச்சு வேர்த்துக் கொட்டுமே, அதுக்கும் ஹார்மோன் இல்லாத சிகிச்சைகள்ல ஒண்ணா இதை வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023ல பரிந்துரை பண்ணியிருக்கு. ஆபரேஷன், பல் சிகிச்சைக்கு முன்னாடி வர்ற பயம், ஊசி குத்துற வலி இதுக்கெல்லாமும் உதவுது. சிகரெட் விடுறதுக்கு? விளம்பரத்துல எல்லாம் அதைத்தான் பெருசா போடுவாங்க, ஆனா மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுற காக்ரேன் குழு 2019ல எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்துட்டு, மத்த முறைகளை விட இது ஒசத்தின்னு சொல்ல போதுமான ஆதாரம் இல்லைன்னு சொல்லிட்டாங்க.

குடியை நிறுத்தறதுக்குன்னு வீட்டுக்காரரை, அண்ணனை, அப்பாவைக் கூட்டிட்டுப் போறவங்க கொஞ்சம் நின்னு படிங்க. தினமும் நிறைய குடிக்கிற ஒருத்தர் ஒரே நாள்ல டக்குனு நிறுத்தினா உடம்பு தாங்காது. 6 மணி நேரத்துல இருந்தே கை நடுக்கம், வேர்வை, படபடப்பு ஆரம்பிக்கும், முதல் ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள்ல ஆள் அடையாளம் தெரியாம உளர்ற நிலைக்குப் போகலாம், கவனிக்காம விட்டா உயிரே போயிடும். ஒரே சிட்டிங்ல குடியை மறக்கடிக்கிறோம், இன்னையோட நிறுத்திடுவாருன்னு யாராவது சொன்னா, அவங்க இதைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்களான்னு பாருங்க. முதல்ல மனநல மருத்துவர்கிட்ட போய் டாக்டர் கண்காணிப்புல குடியை இறக்கணும், தேவைன்னா அட்மிட் பண்ணணும். மனசுக்கான சிகிச்சையெல்லாம் அதுக்கப்புறம்தான்.

பரீட்சை ஞாபகசக்தி, உடம்பு இளைக்கிறது, பணம் ஈர்க்கிறதுன்னு விக்கிறாங்களே, அதுக்கெல்லாம் காசு செலவு பண்ணாதீங்க.

2. நோய் என்னன்னு டாக்டர்கிட்ட உறுதி பண்ணுங்க

இதைத் தாண்டி குதிச்சுப் போகவே கூடாது. வயித்துப் பிரச்சனைன்னா மலத்துல ரத்தம், காரணமே இல்லாம எடை குறையறது, ரத்தசோகை, ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பி பாத்ரூம் ஓட வைக்கிறது, 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்சது, வீட்ல யாருக்காவது குடல் கேன்சர் இருந்தது, இதுல எது இருந்தாலும் நேரா கேஸ்ட்ரோகிட்ட போங்க. ஹிப்னோதெரபி வலியை உணர்ற விதத்தை மாத்தக்கூடியது. கட்டி இருக்கிற ஒருத்தருக்கு வலி குறைஞ்சு போச்சுன்னா அது நல்லதா கெட்டதான்னு யோசிச்சுப் பாருங்க. தலைவலி, நெஞ்சு படபடப்பு, முதுகுவலி எல்லாத்துக்கும் இதே கதைதான். தைராய்டு ஹார்மோன் ஏறியிருந்தாலும் பயம், நடுக்கம், படபடப்புன்னு பதட்ட நோய் மாதிரியேதான் இருக்கும், டிஎஸ்எச்னு ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும்.

3. உங்களுக்கு இது ஒத்துக்குமான்னு பாருங்க

ஸ்கிசோஃப்ரீனியா மாதிரி, இல்லாத குரல் கேக்குறது, இல்லாத சந்தேகம் வர்றது இப்படி இருக்கிறவங்க, பைபோலார் நோய்ல மேனியான்ற அளவு மீறின உற்சாக நிலையில இருக்கிறவங்க, அடிக்கடி தன்னை மறந்து போயிடுறவங்க, இவங்களுக்கு இது வேண்டாம், இன்னும் மோசமாகலாம். ஃபிட்ஸ் இருக்கிறவங்க நியூராலஜிஸ்ட்டைக் கேக்காம போகாதீங்க. சின்ன வயசுல பாலியல் கொடுமை, பெரிய விபத்து இப்படி ஆழமான காயம் இருக்கிறவங்க அந்தத் துறையில பழகின மனநல நிபுணர்கிட்ட மட்டும்தான் போகணும், ஏன்னா கண்ணை மூடி அமைதியா படுக்கும்போது அது கிளம்பி வரலாம், அப்போ தாங்கிப் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருக்கணும்.

மத்தவங்களுக்கு வர்ற பக்கவிளைவு பொதுவா சின்னதுதான். லேசான தலைவலி, தலைசுத்தல், தூக்கக் கலக்கம், சில பேருக்கு பதட்டம் இல்லன்னா அழுகை.

எங்க அம்மா உள்பட எல்லாரும் கேட்டது, அப்படியே மயங்கி எழுந்திருக்காம போயிட்டா என்ன பண்றதுன்னு. அப்படி ஆகாது. சீரியல் பார்த்துக்கிட்டே குக்கர் விசிலை எண்ணிக்கிட்டு இருப்போமே, கவனம் ஒரு பக்கம் மூழ்கியிருந்தாலும் காது வேலை செய்யும்ல, கிட்டத்தட்ட அந்த நிலைதான். நடுவுல தெரபிஸ்ட் எழுந்து போயிட்டாலும் கொஞ்ச நேரத்துல நீங்களே கண்ணைத் திறந்துடுவீங்க, இல்லன்னா சாதாரணமா தூங்கி எழுந்திருப்பீங்க. பிடிக்காததை செய்ய வைக்கிற ரிமோட்டும் இல்ல இது. ஆனா அந்த நேரத்துல சொல்றதை நம்புற மனநிலை கூடுதலா இருக்கும்ங்கறது உண்மை, அதனாலதான் அடுத்த ஸ்டெப் ரொம்ப முக்கியம்.

4. ஆளோட பதிவு நம்பரைச் செக் பண்ணுங்க

நம்ம நாட்டுல ஹிப்னோதெரபிஸ்ட்டுக்குன்னு தனியா அரசு லைசென்ஸ் கிடையாது. மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பர்ல விட்ட கடிதத்துல, முறையா பயிற்சி எடுத்தவங்க பயன்படுத்தலாம்னு இதை ஒரு சிகிச்சை முறையா ஏத்துக்கிட்டாங்க, அதோட சரி. அதனால வீக்எண்ட் கோர்ஸ் முடிச்சவர்கூட சர்டிஃபைட் ஹிப்னோதெரபிஸ்ட்னு போர்டு வைக்க முடியுது. சுவர்ல எத்தனை சர்டிஃபிகேட் ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தாலும் அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. அவங்களோட அடிப்படைப் படிப்பு என்ன, எந்தக் கவுன்சில்ல பதிவு, இந்த ரெண்டும்தான் உங்களுக்கு வேணும்.

மனநல மருத்துவர்னா எம்பிபிஎஸ்ஸுக்கு மேல எம்டி சைக்கியாட்ரி இல்லன்னா டிபிஎம் (மனநல மருத்துவ டிப்ளமோ) மாதிரி ஒரு படிப்பு இருக்கும், தேசிய மருத்துவ ஆணையத்தோட வெப்சைட்ல இந்திய மருத்துவப் பதிவேடுன்னு இருக்கு, பேரையோ பதிவு நம்பரையோ போட்டா வரும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ரெண்டு வருஷ எம்ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி மாதிரி படிப்பு, கூடவே இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் (ஆர்சிஐ) கொடுக்குற சிஆர்ஆர்ன்ற பதிவு நம்பர் இருக்கும், ஆர்சிஐ வெப்சைட்ல தேடலாம். அந்தப் பதிவை அப்பப்போ புதுப்பிக்கணும், அதனால எது வரைக்கும் செல்லும்னும் பாருங்க. இதுக்கு மேல ஹிப்னாசிஸ் பயிற்சி எங்க எடுத்தாங்க, உங்க பிரச்சனை இருக்கிறவங்களை இதுக்கு முன்னாடி பார்த்திருக்காங்களான்னு கேளுங்க. கேக்க கூச்சப்படாதீங்க, நான் கேட்டப்போ என்னோட தெரபிஸ்ட் சிரிச்சுக்கிட்டே நம்பரை ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க, நல்லா செக் பண்ணிட்டு வாங்கன்னாங்க. அதுக்கு முன்னாடி போன ஒரு சென்டர்ல இதே கேள்விக்கு, நம்பிக்கை இல்லாதவங்களுக்கு சிகிச்சை பலிக்காது மேடம்னு பதில் வந்துச்சு, நான் அப்பவே எழுந்து வந்துட்டேன்.

பேருக்கு முன்னாடி டாக்டர்னு இருந்தா ஏமாந்துடாதீங்க. பிஎச்டி வேற ஏதோ பாடத்துல இருக்கலாம், காசு கொடுத்து வாங்கின கௌரவப் பட்டமாவும் இருக்கலாம். டிவி பேட்டி, பிரபலங்களோட எடுத்த போட்டோ எல்லாமே இப்படித்தான். சர்க்கரை, கேன்சர், ஃபிட்ஸ், ஆண்மைக்குறைவு இதெல்லாம் குணமாகும்னு யாராவது விளம்பரம் போட்டா அதுவே சட்டப்படி தப்பு, 1954ல வந்த மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம்னு ஒண்ணு இருக்கு. அப்படி விளம்பரம் போடுறவங்களை லிஸ்ட்ல இருந்தே எடுத்துடுங்க.

5. போன்லயே கட்டணத்தைப் பேசிடுங்க

சென்னையில நான் விசாரிச்ச வரைக்கும் பதிவு பெற்ற ஆட்கள் ஒரு செஷனுக்கு 1,500ல இருந்து 3,000 ரூபாய் வரைக்கும் வாங்குறாங்க, முதல் செஷன் நீளமா இருக்கும்ங்கறதால அதுக்கு மட்டும் சில பேர் கூடுதலா கேக்குறாங்க. 8 செஷன், ஒண்ணுக்கு 2,000ன்னு வச்சாலே 16,000 ஆகுது, போக்குவரத்து, லீவு எல்லாம் தனி. இதை முன்னாடியே கணக்குப் போட்டுட்டு ஆரம்பிங்க, பாதில விட்டா அதுவரைக்கும் கொடுத்ததும் வேஸ்ட்.

பேக்கேஜ் வாங்காதீங்க. நான் போன ஒரு இடத்துல உக்காந்து பத்து நிமிஷம் ஆகல, வயித்துல எந்தப் பக்கம் வலின்னுகூட கேக்கல, 40,000 ரூபாய் பேக்கேஜ், இன்னைக்கே கட்டினா டிஸ்கவுண்ட்னு கார்டு மெஷினை எடுத்து முன்னாடி வச்சாங்க. நல்ல தெரபிஸ்ட் செஷனுக்கு செஷன்தான் வாங்குவாங்க. கேன்சல் பண்ணா எத்தனை மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லணும், பயிற்சிக்கான ஆடியோவுக்குத் தனிக் காசா, பதிவு நம்பர் போட்ட பில் தருவீங்களான்னு இதையும் கேட்டு வச்சுக்கோங்க.

மெடிக்ளெய்ம் பெரும்பாலும் கை கொடுக்காது, ஏன்னா அட்மிட் ஆகாம எடுக்குற சிகிச்சை நிறைய பாலிசில வராது. உங்க பாலிசில ஓபிடி கவர் (அட்மிட் ஆகாம பார்க்குற சிகிச்சைக்கான கவர்) இருந்தா மட்டும் டாக்டர் எழுதின சீட்டோட சேர்த்து முயற்சி பண்ணலாம், இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட மெயில்ல கேட்டு பதிலை வச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

கைல காசில்லன்னா அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநல ஓபிக்குப் போங்க, சென்னையில கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கு. ஹிப்னோதெரபி எல்லா இடத்துலயும் செய்ய மாட்டாங்க, ஆனா ரிலாக்சேஷன் பயிற்சி, சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்திக்கப் பழக்குறது) மாதிரி பேச்சு சிகிச்சை கிடைக்குதான்னு கேக்கலாம், ஐபிஎஸ், பதட்டம் ரெண்டுக்கும் சிபிடிக்கும் நல்ல ஆதாரம் இருக்கு. எங்க போறதுன்னே தெரியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

6. எடுத்துட்டுப் போக வேண்டிய பேப்பர்

ஒரு ஃபைல்ல போட்டு வச்சுக்கோங்க: டாக்டர் நோயின் பேரை எழுதின ப்ரிஸ்கிரிப்ஷன், ஸ்கோப் ரிப்போர்ட், கடைசி ரத்த டெஸ்ட், இப்போ சாப்பிடுற எல்லா மாத்திரையோட பேரும் அளவும், முன்னாடி மனநல சிகிச்சை எடுத்திருந்தா அந்தச் சீட்டு. கடைசியா சொன்னதை நிறைய பேர் மறைச்சிடுறாங்க, கல்யாணம், வேலைன்னு பயம் இருக்கும், புரியுது, ஆனா தெரபிஸ்ட்டுக்குத் தெரியலன்னா மூணாவது ஸ்டெப்ல சொன்ன ஆபத்தெல்லாம் உங்க தலைலதான் விழும். 2017 மனநலச் சட்டப்படி நீங்க சொல்றதை ரகசியமா வச்சுக்க வேண்டிய கடமை அவங்களுக்கு இருக்கு. ரெண்டு வாரத்துக்கு வயித்து டைரி ஒண்ணு எழுதிட்டுப் போனா ரொம்ப உதவும்: எப்போ வலிச்சது, பத்துக்கு எவ்வளவு, எத்தனை தடவை போனீங்க, அன்னைக்கு என்ன டென்ஷன். பலன் இருக்கா இல்லையான்னு பின்னாடி கணக்குப் பார்க்க இதுதான் அளவுகோல்.

ஒப்புதல் படிவம் கொடுத்தா படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. வீடியோ எடுக்கலாம், விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்னு வரி இருந்தா அடிச்சிட்டு கையெழுத்துப் போடலாம், ஒத்துக்கலன்னா வேற இடம் பாருங்க.

7. அன்னைக்கு என்ன நடக்கும்

முதல் செஷன்ல பெரும்பாலும் பேச்சுதான், ஒரு மணி நேரத்துக்கு மேலகூட போகும். சாப்பாடு, தூக்கம், வீடு, வேலை எல்லாம் கேப்பாங்க. எதையும் கேக்காம நேரா படுக்கச் சொன்னா சந்தேகப்படுங்க.

எனக்கு ரெண்டாவது செஷன்லதான் ஆரம்பிச்சாங்க. சாய்வு நாற்காலி, செருப்பைக் கழட்டிட்டு மேல ஃபேன் ராடுல இருக்கிற அந்தக் கிண்ணத்தையே பாருங்கன்னாங்க, இமை கனமானப்புறம் மூடிக்கச் சொல்லி பத்துல இருந்து கீழ எண்ணினாங்க. வெளில ஆட்டோ ஹாரன் கேட்டுச்சு, ஏசி ஓடுற சத்தம் கேட்டுச்சு, ஆனா எழுந்து பார்க்கணும்னு தோணல. அப்புறம் என் கையையே எடுத்து வயித்து மேல வைக்கச் சொல்லி, அந்தச் சூடு உள்ள இறங்குறதை கவனிங்க, வாய்க்கால்ல தண்ணி தடை இல்லாம சீரா போகுது, உங்க குடலும் அதே வேகத்துல போகுதுன்னு நிதானமா பேசினாங்க. வாய்க்கால்னு சும்மா சொல்லல, எந்த இடத்துல நீங்க நிம்மதியா இருந்தீங்கன்னு முதல் நாளே கேட்டிருந்தாங்க, நான் எங்க ஊர் வாய்க்கால் படித்துறையைச் சொல்லியிருந்தேன். தண்ணின்னா பயம், லிஃப்ட் பயம், மாடிப்படில இறங்குற கற்பனை பிடிக்காது, இப்படி எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிடுங்க, மாத்திடுவாங்க. தமிழ்ல பேசச் சொல்லிக் கேளுங்க. இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சாலும் அந்த நேரத்துல மனசுக்குள்ள மொழிபெயர்த்துக்கிட்டு இருந்தா உள்ள போக முடியாது, ஆப்ல இருக்கிற ஆடியோ பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருக்கறதால எனக்கு அது சரிப்பட்டே வரல.

குடலுக்கான ஹிப்னோதெரபில உங்க கையை உங்க வயித்துல வச்சா போதும். உங்களைத் தொட வேண்டிய அவசியமே தெரபிஸ்ட்டுக்கு கிடையாது. பெண்கள் துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போங்க, கூட வந்தவங்க ரூம்லயே ஒரு ஓரமா உக்காரலாமான்னு கேளுங்க, கூடாதுன்னு கட்டாயமா மறுக்கிற இடம் வேண்டவே வேண்டாம்.

முடிஞ்ச உடனே வண்டி ஓட்டாதீங்க, கால் மணி நேரம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டு கிளம்புங்க. முதல் தடவை ஆட்டோலயோ கேப்லயோ வீட்டுக்குப் போங்க.

8. பழைய ஞாபகத்தைத் தோண்டுறோம்னு சொன்னா எழுந்து வந்துடுங்க

முற்பிறவிக்குக் கூட்டிட்டுப் போறோம், உங்க வயித்து வலிக்குக் காரணம் போன ஜென்மத்துல கத்திக்குத்துன்னு சொல்ற இடங்கள் சென்னையில, கோயம்புத்தூர்ல எல்லாம் இருக்கு. உங்களுக்கு மறுபிறவி நம்பிக்கை இருக்கலாம், எங்க வீட்லயும் இருக்கு, ஆனா சிகிச்சை அது இல்ல. நம்ம ஞாபகம் சிசிடிவி ரெகார்டிங் கிடையாது, ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் புதுசா கோர்க்கப்படுது. நடக்காத சின்ன வயசு சம்பவத்தையே சில பேரை நம்ப வைக்க முடியும்னு எலிசபெத் லாஃப்டஸ்ன்ற உளவியல் ஆராய்ச்சியாளர் 1990கள்லயே காட்டிட்டாங்க, அதுவும் ஹிப்னாசிஸ் இல்லாமலேயே. ஹிப்னாசிஸ்ல நம்புற மனநிலை கூடும்போது கற்பனையும் நிஜ ஞாபகம் மாதிரி உறுதியா ஒட்டிக்கும்.

முற்பிறவியை விட இந்தப் பிறவியிலதான் இது பெரிய நாசம் பண்ணும். சின்ன வயசுல யாரோ உங்களை ஏதோ பண்ணியிருக்காங்க, யாருன்னு பாருங்க, மாமாவா, சித்தப்பாவான்னு தூண்டித் தூண்டிக் கேட்டா, இல்லாத முகம்கூட வந்து நிக்கும், ஒரு குடும்பமே உடைஞ்சு போகும். நிஜமாவே கொடுமை அனுபவிச்சவங்களுக்கும் இந்த மாதிரி கேக்குறது அநியாயம், அவங்க சொல்ற உண்மையும் கலங்கிப் போயிடும். நல்ல தெரபிஸ்ட் எதையும் தோண்டமாட்டாங்க, இன்னைக்கு இருக்கிற அறிகுறியை வச்சு வேலை செய்வாங்க.

9. எத்தனை நாள், எப்போ நிறுத்தணும்

ஐபிஎஸ்ஸுக்குப் பொதுவா 6ல இருந்து 12 செஷன், ஒவ்வொண்ணும் முக்கால் மணில இருந்து ஒரு மணி நேரம், வாரம் ஒண்ணு இல்லன்னா ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, ஆக சுமார் 3 மாசம் ஆகும். தீபாவளி, வருஷக் கடைசி ஆடிட், பசங்க பப்ளிக் எக்ஸாம் நடுவுல வராத மாதிரி ஆரம்பிங்க. செஷனை விட முக்கியம் வீட்ல தினமும் 15, 20 நிமிஷம் ஆடியோ கேட்டு செய்யற பயிற்சி. இதைச் செய்யாம வாரம் ஒரு நாள் போய் படுத்துட்டு வந்தா பலன் ரொம்பக் கம்மி. எனக்கு காலைல குழாய்ல தண்ணி வர்றதுக்கு முன்னாடி கிடைக்கிற நேரம்தான் ஒத்து வந்துச்சு, வண்டி ஓட்டும்போது மட்டும் அந்த ஆடியோவைப் போடவே போடாதீங்க.

பாதி செஷன் தாண்டினதும் டைரியை எடுத்து ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க. கொஞ்சம்கூட அசையலன்னா வெளிப்படையா பேசி நிறுத்திடலாம். சில பேருக்கு இயல்பாவே ஹிப்னாசிஸ் ஏறாது, அது அவங்க குறை இல்ல. நீங்க மனசார ஒத்துழைக்கலன்னு தெரபிஸ்ட் உங்க மேல பழி போட்டா அவங்களை விட்டு வந்துடுங்க. எது எப்படி இருந்தாலும் டாக்டர் எழுதின மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, முக்கியமா மனநல மாத்திரை, ஃபிட்ஸ் மாத்திரை, பிபி மாத்திரை. எனக்கு வலி பாதியா குறைஞ்சப்புறம் கேஸ்ட்ரோ டாக்டர்தான் ஒவ்வொண்ணா குறைச்சாரு.

10. தப்பா ஏதாவது நடந்தா

தொட்டது, மிரட்டினது, வீடியோ எடுத்தது இதெல்லாம் நேரா போலீஸ் விஷயம், பெண்கள் ஹெல்ப்லைன் 181க்கும் கூப்பிடலாம். டாக்டர் மேல புகார்னா தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மேலன்னா மறுவாழ்வுக் கவுன்சில். பதிவு இல்லாத ஆள்னா அவங்களைக் கேக்க கவுன்சிலே கிடையாது, காசு விஷயமா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915லயும் நுகர்வோர் ஆணையத்துலயும்தான் போய் நிக்கணும், அங்க முதல்ல கேக்குறது பில். அதனால ஜிபேல அனுப்பினாலும் ஒவ்வொரு செஷனுக்கும் தேதி போட்ட பில்லைக் கையோட வாங்கி அந்த ஃபைல்லயே போட்டுடுங்க. செஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் மனசு ரொம்பக் கலங்கி, தூக்கம் வராம, தப்பான எண்ணம் வந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே தெரபிஸ்ட்டைக் கூப்பிடுங்க, அவங்க எடுக்கலன்னா 14416, ராத்திரி எத்தனை மணி ஆனாலும் எடுப்பாங்க.